நவம்பர் சைக்கிள், முட்டு, வெளிறும் விரல்கள்

கேள்வி: எனக்கு வயது 49. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். வேலை முடிந்து வந்து கிழமைக்கு நாலு நாள் மெடோவே பாதையில் ஒரு மணித்தியாலம் சைக்கிள் ஓடுவேன். போட்டிக்கு அல்ல, உடம்புக்கும் மனதுக்கும்தான். ஒக்டோபர் கடைசியிலிருந்து இரண்டு கரைச்சல். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் நேரத்தில் இருமல் பிடிக்கிறது, நெஞ்சு இறுகிக் ‘கீ கீ’ என்று இழுக்கிறது. அரை மணித்தியாலத்தில் அடங்கிவிடும். மற்றது, இரண்டு கையிலும் சுட்டுவிரலும் நடுவிரலும் நுனியிலிருந்து நடுமூட்டுவரை வெளிறி மரத்துப்போகின்றன. பக்கத்து வீட்டு அண்ணையின் நீலப் பம்பை (இன்ஹேலர்) இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன், பெரிதாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் ஊரில் முட்டு (ஆஸ்துமா) இருந்தது, பத்து வயதோடு போய்விட்டது. இந்த வருடம் ஏப்ரலிலிருந்து ஒற்றைத் தலைவலிக்குப் புரொப்ரனலோல் 40 மில்லிகிராம் குளிசை காலையும் இரவும் எடுக்கிறேன். வேறு வருத்தம் இல்லை. போன வருடம் டிசம்பர்வரை ஓடினேன், ஒன்றும் செய்யவில்லை. மனைவி, ‘நியூமோனியா வரப்போகுது, சைக்கிளைப் பேஸ்மென்றில் வையுங்கோ’ என்கிறார். வைக்கத்தான் வேண்டுமா?

பதில்: சைக்கிளைப் பேஸ்மென்றுக்கு இறக்குவதற்கு முதல், அந்தக் குளிசைப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். போன வருடமும் இதே குளிர், இதே பாதை, இதே சைக்கிள். நீங்கள் எழுதியதில் புதிதாக வந்திருப்பது ஏப்ரலில் தொடங்கிய புரொப்ரனலோல் ஒன்றுதான்.

புரொப்ரனலோல் ‘பீற்றா தடுப்பி’ வகையைச் சேர்ந்தது. அட்ரினலின் வந்து தொடும் பீற்றா ஏற்பிகளை அது அடைத்துவைக்கிறது. இதயத்தில் அடைத்தால் துடிப்பு நிதானப்படும். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் நல்ல மருந்து, பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுவது. ஆனால் இதே வகையிலுள்ள பிசோப்ரொலோல், மெற்றோப்ரொலோல் போன்றவை பெரும்பாலும் இதயத்தோடு நிற்க, புரொப்ரனலோல் ஆள் பார்க்காது. மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தி வைத்திருக்கும் ஏற்பிகளையும் சேர்த்தே அடைக்கிறது. முட்டு உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை என்பது மருந்தின் தகவல்தாளிலேயே எழுதியிருக்கும் எச்சரிக்கை. ‘பத்து வயதோடு போய்விட்டது’ என்று நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள், யாரும் கேட்டும் இருக்க மாட்டார்கள். சிறுவயது முட்டு அடங்கிப்போனாலும், மூச்சுக்குழாயின் அந்தச் சுபாவம் பலருக்குப் போவதில்லை.

அண்ணையின் பம்பு கேட்காததும் இதோடு பொருந்துகிறது. நீலப் பம்பில் இருக்கும் சல்பியூற்றமோல் வேலைசெய்வது அதே பீற்றா ஏற்பிகளைத் தொட்டுத்தான். பூட்டுக்குள் ஏற்கெனவே ஒரு திறப்பு முறிந்து கிடக்கும்போது மற்றத் திறப்பு எப்படிப் போகும்? கை கால் குளிர்வதும் இந்த வகைக் குளிசைகளின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. கோடை முழுக்க ஒன்றும் தெரியாததற்குக் காரணம், வெதுவெதுப்பான ஈரக்காற்று இரண்டையும் தூண்டாது.

இதை வாசித்துவிட்டு இன்றிரவே குளிசையை நிறுத்திவிடாதீர்கள். பீற்றா தடுப்பியைத் திடீரென விட்டால் அடைபட்டிருந்த ஏற்பிகள் ஒரேயடியாகத் திறந்து இதயம் படபடக்கும், அழுத்தம் எகிறும், தெரியாமல் இதய நோய் இருப்பவருக்கு மாரடைப்புக்கூட வரலாம். வழக்கமாக ஒன்று இரண்டு கிழமைகளில் படிப்படியாகக் குறைத்துத்தான் விடுவது. எவ்வளவு வேகத்தில், அதற்குப் பதில் என்ன (கன்டெசாற்றன், அமிற்றிரிப்ரிலீன் போன்றவை உண்டு) என்பதை உங்களை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை மூச்சு வாங்குமளவுக்குச் சைக்கிள் வேண்டாம், நடந்தால் போதும். இடையில் ஒரு வசனத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாத அளவுக்கு இழுத்தால், உதடு நீலம் பாரித்தால், 911 தான்.

இனி நெஞ்சு இறுக்கம். 49 வயதுத் தெற்காசிய ஆணுக்கு நெஞ்சு இறுகுகிறது என்றால் முதலில் இதயத்தைத்தான் நினைக்க வேண்டும். குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும், அதற்குமேல் எதிர்க்காற்றில் மிதித்தால் இதயத்துக்கு இரட்டை வேலை. உங்கள் கடிதத்தில் எனக்கு ஓரளவு ஆறுதல் தரும் சொல் ‘சப்பாத்தைக் கழற்றும் நேரத்தில்’ என்பது. மூச்சுக்குழாய் சுருங்கும்போது உச்சம் பெரும்பாலும் ஓட்டம் நின்று ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் வரும், அரை மணி ஒரு மணித்தியாலத்தில் தானாக இறங்கும். இதய வலி அப்படியல்ல. ஏற்றத்தில், எதிர்க்காற்றில், மிதிக்கும்போதே பிடிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விடும். தாடைக்கோ இடது கைக்கோ பரவலாம், ‘கீ கீ’ சத்தம் இராது. ஆனாலும் வைத்தியரிடம் இதைச் சொல்லி ஈசீஜீ, கொலஸ்ரரோல், இரத்தச் சீனி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற பிறகும் விடாத நெஞ்சு வலிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே 911.

குளிர்காற்று என்ன செய்கிறது என்றால், சும்மா இருக்கும்போது மூக்கு வழியாகப் போகும் காற்று தொண்டையைத் தாண்டுவதற்குள் சூடேறி ஈரமாகிவிடும். மிதிக்கும்போது வாயால் பல மடங்கு காற்றை இழுக்கிறோம், மூக்குக்கு அந்த வேலை செய்ய அவகாசமில்லை. குளிர்ந்த காற்று ஈரத்தையும் அதிகம் வைத்திருக்காது. ஆகவே மூச்சுக்குழாயின் உட்படலம் தன் நீரைக் கொடுத்துக் காய்கிறது. அந்த வறட்சியில் அங்குள்ள செல்கள் கக்கும் பொருள்கள் தசையைச் சுருக்குகின்றன. குளிரை விட வறட்சிதான் பெரிய எதிரி. இந்தப் பருவத்தில் இன்னொன்றும் சேர்கிறது: பாதையோரம் குவிந்து நனைந்து அழுகும் மேப்பிள் இலைகளில் பூஞ்சை. அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மழை விட்ட மறுநாள் கூடுதலாக இழுக்கும்.

விரல்களுக்கு வருவோம். கைப்பிடியில் சாய்ந்து ஓடுபவர்களுக்கு விரல் மரப்பது வேறு காரணத்தாலும் வரும். சின்னவிரலும் மோதிரவிரலின் பாதியும் மட்டும் மரத்து, நிறம் மாறாமல், கோடையிலும் வந்தால் உள்ளங்கை அடிப்புறத்தில் நரம்பு நெரிபடுகிறது, ஆசனத்தையும் கைப்பிடியையும் திருத்தினால் சரிவரும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து இரவில் நித்திரையைக் குழப்பினால் மணிக்கட்டு நரம்பு. உங்களுக்கு நிறம் மாறுகிறது, ஓரிடத்தில் கோடு கீறியதுபோல நிற்கிறது, இரண்டு கையிலும் வருகிறது. இது ரெய்னோ எனப்படும் இரத்தக்குழாய்ச் சுருக்கம். நம் தோல் நிறத்தில் வெளிறலைப் புறங்கையில் பார்த்துப் பிடிப்பது கஷ்டம். உள்ளங்கைப் பக்க விரல் நுனியையும் நகத்தடியையும் பாருங்கள். முதலில் சுண்ணாம்புபோல, பிறகு கருநீலம், சூடேறும்போது சிவந்து குத்தும். வந்த நேரத்தில் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியரின் வெதுவெதுப்பான அறையில் விரல் அப்பாவியாக இருக்கும்.

மரத்த விரலைச் சுடுதண்ணீரில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. உணர்ச்சி இல்லாத தோல் வெந்துபோவது தெரியாது. இளஞ்சூட்டு நீர், அல்லது அக்குள், போதும். கையைத் தோளிலிருந்து பெரிய வட்டமாக இருபது முப்பது தரம் சுழற்றினாலும் இரத்தம் நுனிக்கு வரும். 40 வயதுக்குப் பிறகு புதிதாக ரெய்னோ தொடங்கினால் நாங்கள் கொஞ்சம் ஆழமாகத் தேடுவது வழக்கம். குளிசை மாறி ஒரு மாதமான பிறகும் விரல் வெளிறினால், ஒரு கையில் மட்டும் வந்தால், நுனியில் புண் வந்தால், தோல் இறுகினால், இரத்தப் பரிசோதனை தேவை. வேலையில் அதிரும் கருவி பிடிக்கிறீர்களா, சிகரெற் உண்டா என்று எழுதவில்லை. இரண்டும் இதைக் கூட்டும், அதையும் சொல்லுங்கள்.

வைத்தியரிடம் ஊதிப்பார்க்கும் ஸ்பைரோமெற்றியைக் கேளுங்கள். சும்மா இருக்கும்போது ஊதினால் சரியாகவே வரலாம், அதை வைத்து முட்டு இல்லை என்று முடிவெடுக்க முடியாது. சந்தேகம் நீடித்தால் ஓடவிட்டு ஊதவைக்கும் சோதனை உண்டு. முட்டு என்று உறுதியாகி உங்களுக்கென்று பம்பு தந்தால், வழக்கமாக ஓடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு இரண்டு தரம் இழுப்பது. நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி பிடித்து விட வேண்டும். அடுத்ததற்கு அரை நிமிடம் இடைவெளி. வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டையிலேயே ஒட்டிவிடும். பம்பைச் சைக்கிள் பையில் போடாதீர்கள், குளிர்ந்த குப்பி ஒழுங்காகச் சீறாது. உள்பொக்கற்றில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். கிழமைக்கு நாலு நாளும் நீலப் பம்பு தேவைப்படுகிறதென்றால் அது மட்டும் போதாது, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்ரீரொயிட் சேர்ந்த பம்பு வேண்டும். அண்ணையின் பம்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள், இந்தக் குளிரில் அவருக்கு அது தேவைப்படும்.

அதெல்லாம் ஒழுங்கான பிறகு ஓடலாம். எப்படி என்பதில்தான் நவம்பருக்கும் ஓகஸ்ட்டுக்கும் வித்தியாசம். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் இலகுவான கியரில், பாட்டு முணுமுணுக்கக்கூடிய வேகம். நடுவில் இரண்டு மூன்று தரம் அரை நிமிடம் கொஞ்சம் உறைப்பாக மிதித்து விடுங்கள். இப்படிச் சூடேற்றினால் பலருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு மூச்சுக்குழாய் லேசில் சுருங்காது. வாயையும் மூக்கையும் மூடும் மெல்லிய கழுத்துத் துணி கட்டாயம். வெளிவிடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்து உள்ளே போகும் காற்றுக்குக் கொடுப்பது அதன் வேலை. நனைந்து சில்லிட்டால் மாற்ற இரண்டாவது ஒன்றை வைத்திருங்கள். மூக்கு ஓடுவது குளிரின் இயல்பு, தடிமன் அல்ல.

மெடோவே மின்கம்பி வெளி. மறைவில்லை. 0 பாகை செல்சியஸில் காற்றே இல்லாவிட்டாலும் மணிக்கு 20 கிலோமீற்றரில் ஓடினால் முகத்துக்கு ஏறத்தாழ −5 பாகைபோல இருக்கும், எதிர்க்காற்று சேர்ந்தால் இன்னும் கீழே. ஆகவே போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. பெரும்பாலான நாட்களில் முதலில் மேற்கே போனால் கணக்குச் சரி. மாறிப் போனால் வியர்த்த முதுகோடு எதிர்க்காற்றில் திரும்ப வேண்டி வரும், விரல் வெளிறுவதற்கும் பிறகு நெஞ்சு இறுகுவதற்கும் வழிசெய்வது அந்தக் கடைசி இருபது நிமிடம்தான்.

உடுப்பில் பருத்திப் பெனியனைத் தவிருங்கள், நனைந்தால் காயாது. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்ரர், நடுவில் ஒன்று, வெளியில் காற்றுப் புகாத ஜக்கெற். வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து நனைவீர்கள். விரலைக் காப்பாற்ற நெஞ்சைச் சூடாக வையுங்கள்: நடுவுடம்பு குளிர்ந்தால் உடம்பு முதலில் விரலின் இரத்தத்தைத்தான் வெட்டும். ஐந்து விரலும் பிரிந்த தடித்த கையுறையை விட, இரண்டிரண்டு விரல் சேர்ந்திருக்கும் கையுறை சூடு, பிறேக்கும் பிடிக்கலாம். மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. இரண்டு சோடி மேசு போட்டுச் சப்பாத்தை இறுக்கிக் கட்டினால் கால்விரல் இன்னும் குளிரும். ஒரு தடித்த மேசு, விரல் அசைய இடம், அவ்வளவுதான். தாகம் தெரியாது, ஆனாலும் ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவில் இளஞ்சூட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

புரொப்ரனலோல் உடம்பில் இருக்கும்வரை இதயத்துடிப்பு காட்டும் கைக்கடிகாரத்தை நம்ப வேண்டாம், குளிசை துடிப்பைக் கட்டிவைத்திருக்கும். பேச முடிகிறதா என்பதே அளவு.

நவம்பர் முதல் ஞாயிறு நேரம் மாறிய பிறகு ரொறன்ரோவில் ஐந்து மணி கழிந்த கையோடு சூரியன் போய்விடும், மாதக் கடைசியில் நாலே முக்காலுக்கே. வேலை முடிந்து ஓடுவதென்றால் அது இருட்டில்தான். ஒன்ராறியோ சட்டப்படி சூரியன் மறைய அரை மணித்தியாலத்துக்கு முன்பிருந்து முன்னால் வெள்ளை லைற், பின்னால் சிவப்பு லைற் அல்லது ஒளிதெறிப்பான் வேண்டும். முன் கவையில் வெள்ளை, பின் கவையில் சிவப்பு ஒளிதெறி நாடா, 25 சென்ரிமீற்றர் நீளத்தில். ஹெல்மெற் 18 வயதுக்குக் கீழேதான் சட்டம், மண்டையோட்டுக்கு அந்த வயதுக் கணக்குத் தெரியாது. நனைந்த இலைமேல் பிறேக்கும் பிடிக்காதீர்கள், திருப்பவும் வேண்டாம், நேராக உருளவிடுங்கள். அடியில் குழி இருக்கலாம். முதல் உறைபனி பிடிப்பது பாலங்களில். மண்ணின் சூடு அவற்றுக்குக் கிடையாது, பாதை காய்ந்திருந்தாலும் பாலம் வழுக்கும். இந்த மாதத்தில் முட்டு இழுப்பதை விட மணிக்கட்டு முறிவுதான் அதிகம் பயப்பட வேண்டியது.

மனைவியிடம் சொல்லுங்கள், நியூமோனியா கிருமியால் வருவது, குளிர்காற்று மட்டும் அதைக் கொண்டுவராது. ஆனால் அவர் கவலையில் பாதி சரி: முட்டு உள்ள நெஞ்சில் சாதாரண தடிமன்கூட அதிக நாள் இழுத்தடிக்கும். இந்தக் கிழமை பார்மசிக்குப் போகும்போது இருவரும் புளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோ நெஞ்சுச்சளியோ இருக்கும் நாளில் சைக்கிள் வேண்டாம்.

குளிசை மாறிய பிறகு முதல் நாலு ஓட்டத்துக்கு ஒரு துண்டில் எழுதி வையுங்கள்: வெப்பநிலை, எவ்வளவு நேரம், இருமல் எப்போது தொடங்கியது, எப்போது விட்டது, எந்த விரல். நாலிலும் ஒன்றும் இல்லையென்றால் டிசம்பர்வரை ஓடுங்கள். இரண்டு தரமாவது இழுத்தால் அந்தத் துண்டோடு திரும்பப் போய், ஓடவிட்டு ஊதும் சோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.