கிரீடத்துக்குக் கீழே ஒரு தலையும் உண்டு

அழகிப் போட்டியாளர்களுக்கு நேர்காணல் பயிற்சி கொடுப்பது என் தொழில். அதற்கு முன்னால் நானே இரண்டு முறை மேடை ஏறி, இரண்டு முறையும் வெறுங்கையோடு இறங்கியவள். போட்டியாளர்களைப் பற்றிச் சந்தேகமோ கோபமோ எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி கிண்டல்தான். அதையும் விடவில்லை.

கல்லூரி மாணவர்: அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு மண்டையில் ஒன்றும் இருக்காது என்றுதான் எங்கள் அறையில் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். இல்லை என்று காட்ட முடியுமா?

காட்டலாம் தம்பி, கஷ்டமே இல்லை. 1966-இல் உலக அழகிப் பட்டம் வென்ற ரீட்டா ஃபரியா அப்போது மருத்துவ மாணவி. ஒரு வருடம் பட்டத்தின் கடமைகளை முடித்துவிட்டு, தேடி வந்த சினிமா வாய்ப்புகளை ஒதுக்கிவிட்டுப் படிப்புக்கே திரும்பி டாக்டரானார். 2019 டிசம்பரில் மிஸ் அமெரிக்கா ஆன கமீல் ஷ்ரையர், திறமைச் சுற்றில் மற்றவர்கள் பாடி ஆடியபோது வேதியியல் சோதனை செய்து நுரையைப் பொங்க வைத்தார். 2023-க்கான மிஸ் அமெரிக்கா கிரேஸ் ஸ்டான்கி, அணுசக்திப் பொறியியல் மாணவி. அடுத்த ஆண்டு பட்டம் வென்ற மேடிசன் மார்ஷ், அமெரிக்க விமானப்படை அதிகாரி.

இந்தப் பட்டியலை ஒப்பிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம் வரும். கால்பந்து வீரர் கோல் போட்டதும் அவருடைய கணக்கு மதிப்பெண்ணை யாராவது விசாரிக்கிறோமா? 'அழகோடு அறிவும் உள்ளவர்' என்று பத்திரிகைகள் எழுதும் பாராட்டில் ஒரு ஊசி ஒளிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பது அதிசயம் என்பதுதான் அதன் அர்த்தம். டாக்டராகவோ விமானியாகவோ இல்லாமல், மாடலாக வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டு வரும் பெண்ணும் என்னிடம் படிக்கிறாள். அவளுக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

பெயர் வேண்டாம் என்றவர்: அப்படியானால் அந்த 2007 வீடியோவுக்கு என்ன சொல்கிறீர்கள்? உலக வரைபடக் கேள்விக்கு உளறிய பெண்?

இந்த வீடியோ வரும் என்று தெரியும். எல்லா வருடமும் வருகிறது.

மிஸ் டீன் யூஎஸ்ஏ போட்டியில் தென் கரோலினாவின் போட்டியாளர் அவர். அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவருக்கு உலக வரைபடத்தில் தன் நாட்டையே காட்டத் தெரியவில்லையே, ஏன் என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதிலுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். சில நாள் கழித்துத் தொலைக்காட்சியில் அதே கேள்வியைக் கேட்டபோது ஒழுங்காகவே பதில் சொன்னார். அந்த வீடியோவைத்தான் யாரும் தேடுவதில்லை. உலகமே சேர்ந்து சிரித்ததில் மன அழுத்தத்தில் விழுந்ததாகவும், உயிரை விடும் எண்ணம்கூட வந்ததாகவும் வருடங்கள் கழித்து அவரே பேட்டியில் சொன்னார். அவருக்கு அப்போது பதினெட்டு வயது.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முகத்தில் விளக்கு, எதிரே இருட்டு. கேள்வி காதில் விழுவதற்குள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அரை நிமிடம்தான் இருக்கும். கேள்வியின் முதல் பாதி மனதில் நிற்காது, இரண்டாம் பாதி மட்டும் சுற்றிச் சுற்றி வரும். வாய் மூளைக்காகக் காத்திருக்காமல், பயிற்சியில் உருப்போட்ட சொற்களை எடுத்துக் கொட்டும். இரண்டாவது முறை நான் தோற்றது இப்படித்தான். கல்வியைப் பற்றிக் கேட்டார்கள், நான் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன். நல்லவேளை, யாரும் படம் பிடிக்கவில்லை.

பல போட்டிகளில் மூடிய அறைக்குள் நடுவர்களோடு தனி நேர்காணல் உண்டு. நடப்புச் செய்தி, சொந்த வாழ்க்கை, எடுத்த நிலைப்பாடு என்று குடைந்து எடுப்பார்கள். என் மாணவிகள் அதிகம் உழைப்பது அதற்காகத்தான். பார்வையாளர் கண்ணில் படுவது நீச்சலுடையும் கவுனும் அந்த அரை நிமிடமும் மட்டும். அதை வைத்து மொத்த ஆளையும் எடைபோடுகிறோம்.

ஒரு தாய்: பத்தொன்பது வயது மகள் கலந்துகொள்ள ஆசைப்படுகிறாள். 'நல்ல குடும்பத்துப் பெண் போகிற இடமா அது' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்கும் பயமாக இருக்கிறது.

உங்கள் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன் அம்மா. ஆனால் பயப்பட வேண்டியது மகளைக் குறித்து அல்ல.

வனெஸா வில்லியம்ஸ் 1983-இல் மிஸ் அமெரிக்கா பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண். பட்டத்துக்கு முன்பு எடுத்த அவருடைய நிர்வாணப் படங்களை, அவர் சம்மதம் இல்லாமல் ஒரு பத்திரிகை அடுத்த ஆண்டு வெளியிட்டது. பட்டத்தைத் துறக்க வேண்டி வந்தது அவருக்குத்தான். 2015-இல் அதே போட்டியின் மேடையில், அமைப்பின் அப்போதைய தலைவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நடுவில் முப்பது வருடம் போயிற்று. தவறு செய்தவர் ஒருவர், பெயர் கெட்டவர் வேறொருவர்.

ஆகவே மகளின் ஒழுக்கத்தை விசாரிப்பவர்களை விட்டுவிட்டு, போட்டி நடத்துபவரை விசாரியுங்கள். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் அவளுடைய படங்களின் உரிமை யாருக்குப் போகிறது என்று பாருங்கள். முன்பு வென்ற இரண்டு பெண்களிடம் பேசுங்கள். அறிவித்த பரிசு கைக்கு வந்ததா என்று கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும். 'ஸ்பான்சரைத் தனியாகப் பார்க்க வா' என்று யாராவது சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்.

இன்னொருவர்: மேடைக்குப் பின்னால் குடுமிப்பிடிச் சண்டை நடக்குமாமே?

ஊசி, பசை, ஊக்கு கடன் வாங்குவதுதான் நடக்கும். உதடு பல்லில் ஒட்டாமல் இருக்கப் பல்லில் வாசலின் தடவும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்ததே என் எதிர்ப் போட்டியாளர்தான். பொறாமை இல்லையா என்றால், இருக்கிறது. எந்த அலுவலகத்தில் இல்லை?

2025 நவம்பரில் பாங்காக்கில் நடந்ததைப் பாருங்கள். மிஸ் யுனிவர்ஸ் நிகழ்ச்சியில் மெக்சிகோவின் ஃபாத்திமா போஷை எல்லோர் முன்னாலும் ஒரு நிர்வாகி கடிந்துகொண்டார். அவர் எழுந்து வெளியேறியதும் மற்றப் போட்டியாளர்கள் பலரும் கூடவே எழுந்து போனார்கள். அப்போதைய பிரபஞ்ச அழகியான டென்மார்க்கின் விக்டோரியா தைல்விக்கும் அவர்களோடு போனார். கடைசியில் கிரீடம் போஷுக்கே கிடைத்தது.

பெண்ணியவாதி: போட்டியே பெண்ணைப் பண்டமாக்குவதுதானே? நீங்கள் அதற்கு வெள்ளையடிக்கிறீர்களா?

உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளையடிக்கவில்லை. மணமானவர்களையும் தாய்மார்களையும் மிஸ் யுனிவர்ஸ் 2023 வரை உள்ளேயே விடவில்லை. மிஸ் அமெரிக்கா நீச்சலுடைச் சுற்றைக் கைவிட 2018 வரை ஆயிற்று. திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். யாரைத் திட்டுகிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

1968-இல் அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா போட்டிக்கு எதிராகப் பெரிய போராட்டம் நடந்தது. பிராவை எரித்தார்கள் என்பது கட்டுக்கதை. குப்பைத் தொட்டியில் போட்டார்கள், அவ்வளவுதான். அதில் கலந்துகொண்ட கரோல் ஹானிஷ், சில பதாகைகள் போட்டியாளர்களையே எதிரியாகக் காட்டிவிட்டன, அது தப்பு என்று அதே ஆண்டில் எழுதினார். நான் இன்று சொல்வதும் அதுதான், கொஞ்சம் தாமதமாக.

1970-இல் லண்டனில் உலக அழகிப் போட்டியின் நடுவே போராட்டக்காரர்கள் மாவு வீசினார்கள். அன்று வென்ற கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டன், அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். பின்னாளில் கனடாவில் தன் நாட்டின் ஹை கமிஷனராக இருந்தார். அரங்கின் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஒருவர்: 'உலக அமைதி வேண்டும்' என்பதைத் தவிர வேறு ஏதாவது சொல்வார்களா?

2021 மார்ச்சில், மிஸ் கிராண்ட் இன்டர்நேஷனல் மேடையில் மியான்மரின் ஹான் லே தன் நாட்டு ராணுவம் மக்களைக் கொல்வதைப் பற்றிப் பேசி உதவி கேட்டார். பிறகு அவரால் நாடு திரும்ப முடியவில்லை. கனடாதான் அடைக்கலம் கொடுத்தது. அவர் கேட்டதும் அமைதிதான்.

முன்னாள் போட்டியாளர்: வேலைக்கான பயோடேட்டாவில் பட்டத்தைப் போடலாமா? சிரிப்பார்களோ என்று தயக்கம்.

போடுங்கள். ஆனால் 'அழகிப் பட்டம்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாதீர்கள். எத்தனை கூட்டங்களில் பேசினீர்கள், எந்தப் பணிக்கு எவ்வளவு நிதி திரட்டினீர்கள், எத்தனை பேரை ஒருங்கிணைத்தீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். 1981-இல் பிரபஞ்ச அழகியான வெனிசுவேலாவின் ஐரீன் சாயெஸ் பிறகு மேயரானார், 1998-இல் அதிபர் தேர்தலிலும் நின்றார். தோற்றார் என்பது வேறு கதை.

சிரிப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். என் மாணவி ஒருத்தியிடம் நேர்காணலில், 'மேடையில் நடப்பதுபோல் இங்கே கொஞ்சம் நடந்து காட்டுங்களேன்' என்று கேட்டிருக்கிறார்கள். கோப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவு வரைக்கும் அழகாக நடந்து காட்டிவிட்டு, அப்படியே வெளியே வந்துவிட்டாள்.