பிள்ளைகள் பாதியில் எழுந்து ஓடாத படக்கதை எழுதுவது எப்படி?

கேள்வி: 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு படக்கதை எழுதியிருக்கிறேன். ஒரு முயல்குட்டி காட்டைச் சுற்றப் போகிறது. தவளை, மயில், யானை என ஒவ்வொருவராகச் சந்திக்கிறது. நட்புதான் பெரிது என்று புரிந்துகொண்டு வீடு திரும்புகிறது. 900 சொற்கள். பெரியவர்கள் பாராட்டுகிறார்கள். பிள்ளைகளோ பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். எங்கே கோளாறு?

பதில்: தவளை வரும் பக்கத்தையும் மயில் வரும் பக்கத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள். கதைக்கு ஒன்றுமே ஆகாது. கோளாறு அங்கேதான். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே ‘அப்புறம்’ என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. ‘ஆனால்’, ‘அதனால்’ என்று சொல்ல வழியில்லை.

முதலில் முயலுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கட்டும். கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தால் நல்லது. நட்பை ஓவியர் எப்படி வரைவார்? பந்து என்று வைத்துக்கொள்வோம். அது ஆழமான, குறுகலான ஒரு குழிக்குள் விழுந்துவிடுகிறது. முயல் கையை விடுகிறது, எட்டவில்லை. தவளையைக் கூப்பிடுகிறது. தவளை உள்ளே குதிக்கிறது. ஆனால் ஏறி வர முடியவில்லை. அதனால் யானை வருகிறது, தும்பிக்கையை விடுகிறது, அதுவும் மாட்டிக்கொள்கிறது. இப்போது பந்து, தவளை, தும்பிக்கை மூன்றும் குழிக்குள்! ஒவ்வொரு முயற்சியும் நிலைமையை இன்னும் மோசமாக்குவதால் பக்கங்களை மாற்றி அடுக்க முடியாது. மயிலுக்கு இங்கே வேலையில்லை; அனுப்பிவிடுங்கள். அழகாகத்தான் இருக்கும், வருத்தமாகவும் இருக்கும், வேறு வழியில்லை.

முடிச்சை அவிழ்ப்பது முயலாகவே இருக்க வேண்டும். அம்மா முயல் வந்து காப்பாற்றினால் கேட்கிற பிள்ளைக்குச் சப்பென்று போய்விடும். முயலுக்குத் தோண்டத் தெரியும், பக்கவாட்டில் சுரங்கம் போட்டுவிடலாம். ஆனால் அந்தத் திறமை திடீரென்று முளைக்கக் கூடாது. முதல் பக்கத்திலேயே கண்ட இடத்தில் தோண்டி அம்மாவிடம் திட்டு வாங்கட்டும். அதை நினைவில் வைத்திருக்கும் பிள்ளை, முயலுக்கு முன்பே “தோண்டு, தோண்டு!” என்று கத்தும்.

அடுத்து அளவு. படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்: 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதி) இரண்டு. தலைப்பு, பதிப்பு விவரம் போக, கதைக்கு 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள் சேர்ந்து ஒன்று) தேறும். 500 சொற்களுக்குள் முடிப்பது நல்லது. 8 வெள்ளைத் தாள்களை நடுவில் மடித்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்து, உங்கள் வரிகளைப் பக்கம் பிரித்து அதில் எழுதிப் பாருங்கள். கணினித் திரையில் தெரியாத ஒன்று அப்போது தெரியும்: பக்கம் புரட்டும் இடம். ‘யானை இழுத்தது. இன்னும் இழுத்தது. அப்போது...’ என்று வலப்பக்கம் முடிய வேண்டும். மாட்டிக்கொண்ட தும்பிக்கை அடுத்த பக்கத்தில்தான் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வராது.

900 சொற்களை எங்கே வெட்டுவது என்று திகைக்க வேண்டாம். படம் சொல்லிவிடுகிற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள்: முயலின் வெள்ளை நிறம், பச்சைப் புல்வெளி, யானையின் திருதிரு முழி. பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த ‘ரோசிஸ் வாக்’ (1968) என்ற ஆங்கிலப் படப் புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள். கோழி நடந்து போகிறது என்பதுதான் எழுத்தில் இருக்கும். அதைப் பிடிக்கப் பின்னாலேயே வந்து ஒவ்வொரு முறையும் அடிபடும் நரியைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, எல்லாம் படத்தில். கோழிக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறதே என்பதில்தான் பிள்ளைக்குக் குஷி.

‘நட்புதான் பெரிது’ வரியையும் எடுத்துவிடுங்கள். குழியிலிருந்து மூவரும் வெளியே வந்து பந்து விளையாடுகிற படம் போதும்.

திருத்திய பிரதியை நீங்களே வாசித்துக் காட்டாதீர்கள். சொந்தக் கதை என்பதால் தொய்வான இடங்களைக் குரலாலேயே தூக்கி நிறுத்திவிடுவீர்கள். கதை தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் முகத்தை மட்டும் கவனியுங்கள். எந்தப் பக்கத்தில் கண் வேறு எங்கோ போகிறதோ, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.