வேதி உயிரியல் ஆய்வு மையமும் இளம் பேராசிரியர்களும்: கேள்வி பதில்

வேதி உயிரியல் ஆய்வு மையத்தை நடத்துவது குறித்தும், அங்கு பணியில் சேரும் இளம் பேராசிரியர்களை வழிநடத்துவது குறித்தும் வந்த கேள்விகளுக்கு, அத்தகைய மையம் ஒன்றின் இயக்குநராகப் பணியாற்றிய அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வேதியியல் துறையும் உயிரியல் துறையும் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே இருக்கும்போது, தனியாக ஒரு மையம் எதற்கு?

2022ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரின் பணியை எடுத்துக்கொள்வோம். அசைடு, அல்கைன் என்னும் இரு வகை வேதிச் சேர்மங்களைத் தாமிர வினையூக்கியின் துணையோடு விரைவாக இணைக்கும் முறையை பேரி ஷார்ப்லஸும் மார்ட்டன் மெல்டாலும் 2002இல் தனித்தனியே வெளியிட்டார்கள். குடுவைக்குள் அது மிகச் சிறந்த வினை. ஆனால் தாமிரம் உயிருள்ள செல்களுக்கு நஞ்சு. கரோலின் பெர்டோசியின் குழு, எட்டு அணுக்கள் கொண்ட வளையத்துக்குள் அல்கைனை வளைத்து, அந்த இறுக்கமே வினையை முன்னே தள்ளும்படி செய்து, தாமிரமே தேவைப்படாத வழியை 2004இல் காட்டியது. செல் பிழைக்குமா என்ற கேள்வி, வினை முடிந்த பிறகு அடுத்த கட்டடத்தில் எழாமல், வினையை வடிவமைக்கும் மேசையிலேயே எழ வேண்டும். மையம் அந்த மேசையைத்தான் அமைத்துத் தருகிறது.

கேள்வி: கருவிகள் வாங்க நிதி கிடைத்திருக்கிறது. எதை முதலில் வாங்குவது?

கருவியைப் பேணும் ஆளுக்கு நிரந்தரப் பணியிடம் கிடைக்குமா என்பதை முதலில் பாருங்கள். மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிய உதவும் என்.எம்.ஆர். கருவியின் காந்தம், யாரும் பயன்படுத்தாத நாளிலும், சுமார் −269 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ ஹீலியத்தில் மூழ்கியே இருக்க வேண்டும். ஹீலியத்தின் அளவைக் கவனிக்காமல் விட்டால் காந்தம், மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் தன் மீகடத்துத் தன்மையை இழந்து, உள்ளிருக்கும் ஹீலியம் முழுவதும் சில நிமிடங்களில் கொதித்து வெளியேறிவிடும். இதைக் கவனிக்கும் பொறுப்பை ஆண்டுதோறும் மாறும் மாணவர்களிடம் விடுவது சரியல்ல. இன்னொன்று: பயன்பாட்டுக் கட்டணம் மிகுதியாக இருந்தால், மாணவர்கள் முதலில் கைவிடுவது தூய்மைச் சோதனையைத்தான்.

கேள்வி: எங்கள் மையத்தின் உதவிப் பேராசிரியர் ஒருவர் தம் முதல் பெரிய முடிவை வெளியிடத் துடிக்கிறார். அது தவறோ என்று எனக்கு ஐயம். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

இதே நிலையில் நான் ஒருமுறை நின்றிருக்கிறேன். 384 குழிகள் கொண்ட தட்டுகளில் ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சோதித்த இளம் பேராசிரியர் ஒருவர், ஒரு நொதியை மிகக் குறைந்த செறிவிலேயே தடுக்கும் சேர்மத்தைக் கண்டெடுத்து, கட்டுரையில் பாதியை எழுதியும் விட்டார். அந்தச் சேர்மத்தைத் தயாரித்த வழியில் துத்தநாகம் பயன்பட்டிருந்தது. "இது தவறு" என்று நான் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அப்போது எனக்கு உறுதியும் இல்லை. அவருடைய ஆய்வகத்துக்கே சென்று, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இதை மறுப்பவர் எந்தச் சோதனையைக் கேட்பார்?" என்று கேட்டேன். அவரே இரண்டைச் சொன்னார். துத்தநாகம் இல்லாத வழியில் சேர்மத்தை மீண்டும் தயாரித்துப் பார்ப்பது ஒன்று. அந்த நொதிக்கு உலோகம் தேவையில்லை என்பதால், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.வைச் சேர்த்துப் பார்ப்பது மற்றொன்று. மறு வாரம் இரண்டு வரைபடங்களிலும் தடுப்பு மறைந்துபோயிருந்தது. நொதியைத் தடுத்தது சேர்மத்தோடு ஒட்டிவந்த துத்தநாகமே.

அவர் உடைந்துபோனார். அந்த வாரம் முழுவதும் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அது இயக்குநரின் வேலைதான் என்று இன்றும் நம்புகிறேன். தடுப்பாற்றலைக் காட்டும் ஒவ்வொரு சேர்மத்தையும் மீண்டும் தயாரித்துச் சோதித்த பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்வது என்ற விதியை அதன் பிறகு மையம் முழுவதற்கும் கொண்டுவந்தோம். விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது, ஐயம் தனிப்பட்ட ஒருவர் மீதான குறையாகத் தோன்றுவதில்லை.

கேள்வி: மையத்தின் வசதியைக் கொண்டு எழுதப்படும் கட்டுரைகளில் இயக்குநரின் பெயர் இடம்பெற வேண்டுமா?

ஆய்வில் பங்களித்திருந்தால் மட்டும். கருவியைத் தந்ததற்கு நன்றியுரை போதும். பதவி உயர்வுக் குழு, மூத்தவரின் பெயரைக் கண்டதும், கருத்து அவருடையது என்றே எடுத்துக்கொள்ளும். அந்த இழப்பு முழுவதும் இளையவருக்கு.

கேள்வி: நான் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர். துறைத் தலைவர் வேதியியல் இதழ்களில் எழுதச் சொல்கிறார். மைய இயக்குநர் உயிரியல் பக்கம் இழுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

உங்கள் பணி நிரந்தரத்தை முடிவுசெய்வது எந்தக் குழு, அது எதை மதிப்பிடும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட அந்தத் தாள், பணியில் சேரும் நாளிலேயே உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காதது உங்கள் குற்றமன்று. வழிகாட்டியாக இருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உங்கள் அறிவியலை அறிந்தவராகவும், மற்றவர் உங்களை மதிப்பிடும் குழுவில் இடம்பெறாதவராகவும் இருக்கட்டும். மதிப்பெண் போடுபவரிடம் தோல்வியை மனம்விட்டுச் சொல்ல யாராலும் முடியாது.

கேள்வி: ஆய்வு நிதிக்கான விண்ணப்பத்தை மூத்தவரிடம் எப்போது காட்டுவது?

நோக்கங்களை மட்டும் சொல்லும் ஒரு பக்கம் தயாரானவுடன், கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பாகவே காட்டுங்கள். முழு வரைவோடு கடைசி வாரத்தில் வருபவருக்கு நான் எழுத்துப் பிழைகளை மட்டுமே திருத்தித் தர முடிந்திருக்கிறது.

கேள்வி: பட்டம் முடித்துச் செல்லும் மாணவர்கள் விட்டுச்செல்லும் சேர்மங்களை என்ன செய்வது?

பொதுச் சேமிப்பில் வையுங்கள். சேர்மங்களைப் பெரும்பாலும் கரைத்து வைப்பது டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில்; அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் கரைப்பான். ஒரே குப்பியைப் பலமுறை உறையவைத்து உருக்கினால் சேர்மம் சிதையலாம், வீழ்படிவாகவும் பிரியலாம். ஆகவே சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து, தயாரித்த வழியையும் நாளையும் எழுதி ஒட்டி, வேறொருவருக்குக் கொடுக்கும் முன், மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒருமுறை சரிபாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அமைப்பில் ஒத்திருந்தும் செயல்படாத இணைச் சேர்மம் ஒன்று இருந்தால், அதையும் அதே பெட்டியில் சேர்த்தே கொடுங்கள்.