“பேட்டரிக்கு மூன்று மாதம்தான்” என்று கடைக்காரர் கைவிரித்தால்

கேள்வி: சிங்கப்பூரில், செம்பவாங்கில் தரைவீட்டில் இருக்கிறோம். வீட்டு முன்னால் கொஞ்சம் புல்தரை. கம்பியில்லாத புல்வெட்டும் இயந்திரம் ஒன்றை, பேட்டரி சார்ஜரோடு ஒரே செட்டாக 520 வெள்ளிக்கு வாங்கினேன். ஜனவரி 20ஆம் தேதி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஏப்ரலில் ஆறு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். ஜூன் 9ஆம் தேதி பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே கடைக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு எழுதினேன். “இயந்திரத்துக்கு இரண்டு வருட உத்தரவாதம். பேட்டரி தேய்கிற சாமான், அதற்கு மூன்று மாதம்தான்” என்றார்கள். புதிதாக வாங்கலாம் என்றால் அந்த மாடல் பேட்டரி இப்போது வருவதில்லையாம். ஜூலையில் இணையத்தில் ஒரு வெளிநாட்டு விற்பனையாளரிடம் 65 வெள்ளிக்குப் ‘பொருந்தும்’ பேட்டரியும் சார்ஜரும் வாங்கினேன். 6.0 ஏஎச் (ஆம்பியர் மணி, எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) என்று போட்டிருந்தது; தூக்கினால் லேசாக இருந்தது. தராசில் வைத்தேன்: பழையது 1 கிலோ 260 கிராம், இது 640 கிராம். மூன்றாவது வாரம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கருகிய வாடை, ஒரு பக்கம் பிளாஸ்டிக் உருகி வளைந்துவிட்டது. இப்போது கடைக்காரர், வேறு பேட்டரி போட்டதால் இயந்திரத்தின் உத்தரவாதமும் போச்சு என்கிறார். நான் என்ன செய்யலாம்? மகள் மெல்பர்னில் இருக்கிறாள், அங்கே ஒரிஜினல் கிடைக்கிறது, விமானத்தில் கொண்டுவரலாமா? இன்னொன்று, பக்கத்து வீட்டுப் புல்லை இரண்டு முறை வெட்டிக் கொடுத்து 40 வெள்ளி வாங்கினேன். அது பாதகமாகுமா?

பதில்: ஐயா, சட்டம் இருக்கட்டும், முதலில் அந்த உருகிய பேட்டரி. அது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்டோர்ரூமில் இருந்தால் இதைப் படித்த கையோடு வெளியே எடுத்து, மழையும் வெயிலும் படாத சிமெண்ட் தரையில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரி சும்மா கிடக்கும்போதும் பின்னர் தீப்பிடிக்கக்கூடும். மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள், திறந்து பார்க்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். லேபிள், உருகிய பக்கம், முனைகள் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முனைகளில் டேப் ஒட்டி, கடைத்தொகுதியில் இருக்கும் மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிடாமல், சேதமான பேட்டரியை எப்படி ஒப்படைப்பது என்று தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். ஆதாரம் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். நல்ல படங்களே போதும்.

சரி, இப்போது கடைக்கு வருவோம்.

கடைக்காரர் தன் உத்தரவாத அட்டையைப் பற்றி மட்டுமே பேசுகிறார். அந்த அட்டை கடையோ நிறுவனமோ தானாகத் தருவது. உங்களுக்குச் சட்டம் தரும் உரிமை அதற்குத் தனியாக இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள பகுதியைத்தான் எல்லோரும் ‘லெமன் சட்டம்’ என்கிறோம். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வந்த நாளிலேயே இருந்த குறை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். உங்கள் ஆறு மாதம் ஜூலை 19 வரை ஓடியது. குறை ஜூன் 9ஆம் தேதியே தெரிந்துவிட்டது. அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். கைப்பேசியை மாற்றுவதாக இருந்தால் முதலில் அதை அச்சடித்து வையுங்கள். இந்த விவகாரத்தில் உங்களிடம் இருக்கிற மிகப் பெரிய ஆதாரம் அதுதான்.

பேட்டரி தேய்கிற சாமான் என்பது உண்மைதான். மூன்று வருடம் ஓடி, முன்பு போல் நேரம் தாக்குப்பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் கடைக்காரர் பக்கம்தான் பேசியிருப்பேன். தேய்வது வேறு, ஐந்தாவது மாதத்தில் அடியோடு சார்ஜ் ஏறாமல் நிற்பது வேறு. விற்கிற பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும் என்பது பொருள் விற்பனைச் சட்டம் ஒவ்வொரு விற்பனையிலும் சேர்த்து வைக்கும் நிபந்தனை. ரசீதில் “பேட்டரிக்கு மூன்று மாதம்” என்று அச்சடித்து, வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவரிடமிருந்து அந்த நிபந்தனையை எடுத்துவிட முடியாது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் அதைத் தடுக்கிறது.

கடைக்காரர் என்ன சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார் என்பதையும் யோசித்து வையுங்கள். ஊருக்குப் போன ஆறு வாரத்தைத்தான் பிடிப்பார்: “சும்மா போட்டு வைத்துக் கெடுத்துவிட்டீர்கள்.” லித்தியம் பேட்டரி தானாகச் சார்ஜ் இழப்பது மெதுவாகத்தான். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்த நல்ல பேட்டரி ஆறு வாரத்தில் செத்துப்போகக் கூடாது. ஆனால் ஒரு சொட்டு சார்ஜ் இல்லாமல் காலியாக வைத்துவிட்டுப் போயிருந்தால் அவர் வாதத்துக்குக் கொஞ்சம் பலம் வரும். எப்படி வைத்தீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே, உள்ளது உள்ளபடி எழுதி வையுங்கள். அப்புறம், வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் மாட்டினால் பல சார்ஜர்கள் பேட்டரி ஆறும்வரை விளக்கை மின்னிக்கொண்டு காத்திருக்கும். நம் ஊர் மதிய வெயிலில் இது அடிக்கடி நடக்கும். எனவே செட்டோடு வந்த பழைய பேட்டரியை ஆறவிட்டு, அதன் சார்ஜரோடு கடைக்குப் போய், அவர்களிடம் இருக்கும் சார்ஜரில் உங்கள் பேட்டரியையும், அவர்களுடைய பேட்டரியை உங்கள் சார்ஜரிலும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. கெட்டது எது என்று அங்கேயே தெரிந்துவிடும். முடிவை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், “இன்று சோதித்தோம், இதுதான் முடிவு” என்று கடையில் நின்றபடியே அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

அந்த மாடல் இனி வராது என்று கடைக்காரர் சொன்னது உங்களுக்குத்தான் சாதகம். லெமன் சட்டத்தின்படி முதலில் கேட்க வேண்டியது பழுதுபார்ப்பது அல்லது மாற்றித் தருவது. அந்தச் செலவு விற்றவருடையது. அது முடியாது என்றாலோ, நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்றாலோ, விலையில் ஒரு பகுதியைக் கேட்கலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். பேட்டரியே கிடைக்காது என்றால் மாற்றித் தர முடியாது என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டதாகிறது. நீங்கள் வாங்கியது ஒரே செட். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் இயந்திரத்தில் உட்காராது. பேட்டரி இல்லாமல் அது வெறும் பிளாஸ்டிக் வண்டி. அதனால் 520 வெள்ளியைக் கேளுங்கள். ஐந்து மாதம் பயன்படுத்தியதற்காகக் கொஞ்சம் கழிக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது, அதற்குத் தயாராகவும் இருங்கள். உதிரிப் பொருளை இத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி விதிகளில் அப்படி ஒன்று 2027 பிப்ரவரி முதல் நடப்புக்கு வருகிறது. இங்கேயும் வர வேண்டும் என்பது என் விருப்பம். பேட்டரிக்காக நல்ல மோட்டாரைத் தூக்கிப்போடுவது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வேறு பேட்டரி போட்டதால் எல்லாம் போச்சு என்பதற்குத் தேதியே பதில். குறை வந்தது ஜூன், மாற்று பேட்டரி வந்தது ஜூலை. பின்னால் வந்தது முன்னால் நடந்ததைக் கெடுக்க முடியாது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: இந்தக் கருகலில் இயந்திரத்தின் மின்பலகையும் போயிருந்தால், அந்தப் பாகத்துக்குக் கடைக்காரரைக் கேட்பது கடினம். ஆறு மாதமும் முடிந்துவிட்டது; அந்தச் சேதத்துக்குக் காரணம் மாற்று பேட்டரிதான் என்று அவரும் எளிதாகச் சொல்வார்.

அந்த 65 வெள்ளி பேட்டரி விஷயத்தில் நீங்கள் தராசில் வைத்துப் பார்த்தது புத்திசாலித்தனம். கணக்கைப் பாருங்கள். 40 வோல்ட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பேட்டரிக்குள் பத்து செல்கள் வரிசையாக இருக்கும். ஒன்றுக்கு 3.6 வீதம் 36 வோல்ட். முழுச் சார்ஜில் காட்டும் அளவை வைத்து 40 என்று விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதை ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதும் இதே கதைதான், அதில் மோசடி இல்லை. மோசடி இருப்பது 6.0 ஏஎச்சில். இத்தகைய பேட்டரிகளுக்குள் இருக்கும் சிறிய உருளையான சாதாரண 18650 செல் ஒன்று ஏறக்குறைய 48 கிராம். 640 கிராமில் கூட்டைக் கழித்தால் பத்து செல்லுக்குத்தான் இடம். ஒற்றை வரிசையில் வோல்ட்தான் ஏறும், ஏஎச் ஒரு செல்லுக்கு உள்ளதேதான்; அந்த செல் நல்லதாக இருந்தாலும் 3.5 ஏஎச்சைத் தாண்டாது. இல்லாத திறனை இருப்பதாகச் சொல்லி விற்பதை நியாயமற்ற வர்த்தக நடைமுறைகளில் ஒன்றாகப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே குறிப்பிடுகிறது. ‘இன்ன இயந்திரத்துக்குப் பொருந்தும்’ என்று நேர்மையாகச் சொல்லி விற்பதில் தவறில்லை, வர்த்தக முத்திரைச் சட்டமும் அதை அனுமதிக்கிறது. நிறுவனத்தின் முத்திரையையே ஒட்டியிருந்தால் அது போலி.

ஆனாலும் வெளிநாட்டு விற்பனையாளரை இங்கிருந்து நீதிமன்றத்துக்கு இழுப்பது 65 வெள்ளிக்குக் கட்டாது. விற்பனைப் பக்கத்தை அது மறைவதற்குள் படமெடுத்து, தராசுப் படத்தோடு தளத்திடம் பணத்தைக் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் தாமதிக்காமல் கேளுங்கள், அதற்குக் கெடு உண்டு. கூட வந்த சார்ஜரைத் திருப்பி, உள்ளீடு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 120 வோல்ட் மட்டும் இருந்தால் அதை மாட்டவே மாட்டாதீர்கள், நம் வீட்டில் 230.

கடைக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: வாங்கிய தேதி, குறை தெரிந்த தேதி, கேட்கும் தொகை, 14 நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்தின் சமரசத்துக்குப் போகலாம், அல்லது நேராகச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையவழி பதிவு செய்யலாம். 5,000 வெள்ளிக்குட்பட்ட தொகைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். என்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை, நீங்களேதான் பேச வேண்டும். தமிழில் பேச விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். கடையின் பெயர்ப்பலகையில் இருப்பதும் பதிவான நிறுவனப் பெயரும் வேறாக இருக்கலாம். ரசீதில் உள்ள பதிவு எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

பக்கத்து வீட்டு 40 வெள்ளிக்குப் பயப்படாதீர்கள். முழுக்க முழுக்கத் தொழிலுக்கென்றே வாங்கியவரைத்தான் சட்டம் பயனீட்டாளர் இல்லை என்று ஒதுக்குகிறது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மெல்பர்ன் பேட்டரியில் 36 வோல்ட், 4 ஏஎச் என்றிருந்தால் பெருக்கி வருவது 144 வாட் மணி. 100க்கு மேல் 160 வரை உள்ளதை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு கைப்பையில் மட்டும் கொண்டுவரலாம், அதிகபட்சம் இரண்டு, முனைகளை மூடி. 5 ஏஎச் என்றால் 180, கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, கொண்டுவரவே கூடாது. ஆனால் மகளை இப்போதே வாங்கச் சொல்லாதீர்கள். கடை பணத்தைத் திருப்பித் தந்தால் இயந்திரம் அவர்களிடம் போய்விடும், அந்த பேட்டரி உங்கள் வீட்டில் வேறு எதிலும் பொருந்தாது. அதுவரை, 14 நாளும் போகட்டும்.