டியூனிங் பெட்டியை மாட்டும் முன் பேட்டரியைப் பாருங்கள்

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி உரிமையாளர் கேட்கிறார்: “என்னுடையது 2019ஆம் ஆண்டு 12 சக்கர லாரி, பி.எஸ்.4. மைலேஜ் கூடும் என்று சொன்னதால், இன்ஜின் ஓடும் விதத்தை மாற்றும் டியூனிங் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். குமிழும் சின்னத் திரையும் உள்ள அதன் கன்ட்ரோலரைக் கேபினுக்குள் பொருத்த வேண்டும். அது 12 வோல்ட்டில் ஓடுவது. இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுத்து, டேஷ்போர்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். டிரைவர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி, ஐயா?”

டிரைவர் சொல்வதுதான் சரி. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கவே கூடாது.

உங்கள் லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போல அவை சமமாக இழுக்க வேண்டும். ஒன்றிலிருந்து மட்டும் கரன்ட் எடுத்தால் அது நாளுக்கு நாள் இறங்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டருக்கு இது தெரியாது. இரண்டுக்கும் ஒரே கரன்ட்டைத்தான் அனுப்பும். இறங்கிய பேட்டரி நிறையாது, மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதிக்கும். என்னிடம் வந்த ஒரு லாரியில் இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் 14 வோல்ட்டையொட்டிக் காட்ட வேண்டும். ஒன்று 12.6, மற்றொன்று 15.8. அந்த இரண்டாவது பேட்டரியின் மூடியெல்லாம் ஈரம், கிளாம்பில் வெள்ளைப் பூப்பு. உரிமையாளர் அதற்குள் இரண்டு முறை பேட்டரி மாற்றிவிட்டு, பேட்டரிக் கடைக்காரரோடு சண்டையும் போட்டிருந்தார். பாட்டுப் பெட்டிக்காக இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவிலிருந்து இழுத்த ஒரு மெல்லிய சிவப்பு ஒயர்தான் காரணம்.

24 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட்டாகக் கொடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். அதை இரண்டு பேட்டரிகளுக்கும் பொதுவான 24 வோல்ட் லைனில், சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் இடத்தில் இணைக்கச் சொல்லுங்கள். லைன் புறப்படும் இடத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், பியூஸ் இருக்க வேண்டும். பலர் பெட்டிக்குப் பக்கத்தில் பியூஸ் போடுகிறார்கள். பியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. பாதி வழியில் ஒயர் உரசித் தகட்டில் பட்டால், கடைசியில் இருக்கும் பியூஸ் எதையும் தடுக்காது, கேபின் எரியும்.

அடுத்தது பொருத்தும் இடம். கண்ணாடிக்கு நேராக வேண்டாம், டிரைவரின் முழங்கால் படும் இடமும் வேண்டாம். முன்கண்ணாடியின் ஓரத்தூணில், பக்கக் கண்ணாடியை மறைக்காத உயரத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் பசை நாடா இளகி விழும், கிளாம்ப் போடுங்கள். டேஷ்போர்டில் கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூ ஏற்ற வேண்டாம். அதற்குப் பின்னால் பார்க்கிங் பிரேக் வால்வுக்கும் ஏர் மீட்டருக்கும் போகும் நைலான் குழாய்கள் இருக்கலாம். குழாய் ஓட்டையானால் காற்று இறங்கி, பார்க்கிங் பிரேக் தானாகவே பிடித்து வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. லாரியின் கேபின் முன்பக்கம் கவிழும். இன்ஜினிலிருந்து வரும் ஒயரை நேராக இழுத்துக் கட்டிவிட்டால், முதல் முறை கேபினைக் கவிழ்க்கும்போதே அறுந்துவிடும்; அல்லது உள்ளே விண்டு, வெளியே முழுசாகத் தெரியும். அதுதான் இன்னும் மோசம். கம்பெனி ஒயர் கட்டு எந்த வழியாகக் கேபினுக்குள் ஏறுகிறதோ, கேபின் திரும்பும் கீலை ஒட்டி, அதே வழியில் தொய்வு விட்டு ஏற்ற வேண்டும். தகட்டில் துளை போட்டால் ரப்பர் வளையம் கட்டாயம்.

இதெல்லாம் ஒயருக்கு. பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவை, டீசல் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கின்றன. கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். இழுவை கூடும்தான். ஆனால் முழு லோடுடன் சேலத்திலிருந்து தொப்பூர் மலை ஏறும்போது டர்போவும் பிஸ்டனும் தாங்க வேண்டிய சூட்டை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? விற்றவர் எடுக்கவில்லை.

விற்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கோபம். “ஆர்.டி.ஓ. விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அண்ணே” என்கிறார்கள். எதையும் எழுத்தில் தர மாட்டார்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அந்தத் தண்டனை வண்டி உரிமையாளருக்கு, பெட்டி விற்றவருக்கு இல்லை. புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவத்தை ஊற்றாமலே ஓட வைக்கிறேன் என்று பெட்டி கொண்டுவருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வண்டித் தயாரிப்பாளரோ அவரது அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையமோ உங்கள் பெட்டியை அனுமதித்து லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்தால் பேசலாம். தராவிட்டால் இன்ஜின் பக்கத்து இணைப்பைக் கொடுக்காதீர்கள்.

எப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போனால் ஒளிரும் ஸ்டிக்கரின் அகலத்தை அளக்கிறார்கள். சீட்டுக்குப் பின்னால் டேப் சுற்றிய ஒயர் முடிச்சை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஸ்டிக்கரால் வண்டி எரியாது, ஒயரால் எரியும் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

பெட்டிகளைப் பற்றிச் சொன்னதில் ஒரு விதிவிலக்கு. இன்ஜினுக்கு எந்த உத்தரவும் அனுப்பாமல், டர்போ அழுத்தம், தண்ணீர்ச் சூடு போன்றவற்றைப் படித்துக் காட்ட மட்டும் செய்யும் திரைகள் உண்டு. அவை நல்லவை. உங்கள் கன்ட்ரோலரும் இன்ஜின் இணைப்பு இல்லாமல் அப்படி வேலை செய்யுமா என்று கேளுங்கள். அப்போதும் இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, இன்ஜின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கத் திரையைச் சொருகும் ஓ.பி.டி. சாக்கெட்டின் 16ஆவது பின்னில் சாவி எடுத்த பிறகும் கரன்ட் இருக்கும். லோடு கிடைக்காமல் பத்து நாள் வண்டி நின்றால், சொருகி வைத்த திரை பேட்டரியைக் காலி செய்துவிடலாம். அதனால் கழற்றி வையுங்கள். இரண்டாவது, கார்க் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் திரை வேண்டாம். 24 வோல்ட் வண்டிக்கான சாக்கெட்டின் நடுப்பள்ளம் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரிந்திருக்கும். கார்ப் பிளக் அதில் ஏறாது. பிளாஸ்டிக்கைக் கத்தியால் சீவி ஏற்றிவிட்டு, திரை எரிந்த பிறகு என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். ஏறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 9 முதல் 32 வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும் திரையாகப் பார்த்து வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை உடனே அனுப்பிவிடாதீர்கள். அவர் இருக்கும்போதே கேபினை முழுவதும் கவிழ்த்து, புதிய ஒயர் எங்காவது விறைக்கிறதா, உரசுகிறதா என்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பிறகு இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு இரண்டு பேட்டரிகளிலும் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், காரணம் தெரியும் வரை பணம் கொடுக்க வேண்டாம்.