100 முறை ஓட்டியும் கிராஷ் இல்லை, பேட்சுக்கு ஓகே சொல்லலாமா?

கேள்வி: லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர் ஒன்றில், மாட்யூலைக் கழற்றும்போது எப்போதாவது கெர்னல் கிராஷ் ஆகிறது. கேஃப்ரீ செய்து மெமரியை விடுவித்துவிட்ட பஃபரை, சாதனம் சிக்னல் கொடுத்ததும் ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லர் தொடுவதுதான் காரணம். கூட வேலை செய்பவர், பஃபரின் பாயின்டர் நல் ஆக (எதையும் சுட்டாமல்) இருந்தால் ஹேண்ட்லர் உடனே திரும்பிவிடும்படி மூன்று வரி சேர்த்து பேட்ச் அனுப்பியிருக்கிறார். 100 முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், கிராஷ் இல்லை. டிரைவர் கோடை ரிவ்யூ செய்வது எனக்கு இதுதான் முதல் தடவை. ஓகே சொல்லிவிடலாமா?

பதில்: இப்போதைக்குச் சொல்லாதீர்கள். அந்த மூன்று வரி ஓட்டையை அடைக்கவில்லை, சின்னதாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு தாளை எடுத்து, இரண்டு சிபியுவில் என்னென்ன நடக்கிறது என்று அருகருகே எழுதிப் பாருங்கள்; இந்த மாதிரி பேட்ச் வந்தால் நான் முதலில் செய்வது இதுதான், டிஃப்பை வரி வரியாகப் படிப்பதெல்லாம் அப்புறம். ஒரு சிபியுவில் ஹேண்ட்லர் ஓடுகிறது, பாயின்டர் நல் இல்லை என்று பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. சரியாக அந்த இடைவெளியில் இன்னொரு சிபியுவில், மாட்யூலைக் கழற்றும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷன் பஃபரை விடுவித்து, பாயின்டரை நல் ஆக்குகிறது. ஹேண்ட்லருக்கு அது எப்படித் தெரியும்? அது பாட்டுக்குப் பழைய முகவரியில் எழுதும். அந்த இடம் அதற்குள் வேறு யாருக்காவது போயிருந்தால் கிராஷ்கூட வராது, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு டேட்டா சத்தமில்லாமல் கெட்டுப்போகும். அதற்குப் பழைய கிராஷே மேல்.

லாக் போட்டால் சரியாகிவிடுமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். ஹேண்ட்லருக்குள் மியூடெக்ஸ் கூடாது, லாக் கிடைக்கும்வரை அது தூங்கும், அங்கே தூங்க அனுமதி இல்லை. தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் ஸ்பின்லாக் போடலாம், ஆனால் அதே லாக்கைப் பிடித்துக்கொண்டு, ஹேண்ட்லரின் பதிவை நீக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூவைக் கூப்பிட்டால், அது ஹேண்ட்லர் முடியட்டும் என்று காத்திருக்கும், ஹேண்ட்லர் லாக் கிடைக்கட்டும் என்று சுற்றிக்கொண்டிருக்கும், மெஷின் அங்கேயே நின்றுவிடும்.

கோளாறு ஹேண்ட்லரிலேயே இல்லை, ரிமூவ் ஃபங்ஷனின் வரிசையில் இருக்கிறது. முதலில் சாதனத்தின் ரெஜிஸ்டரில் எழுதி இன்டரப்டை அணைக்க வேண்டும். பிசிஐ பஸ்ஸில் உள்ள சாதனம் என்றால் எழுதிய உடனே அது சாதனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பக் கூடாது, வழியில் தேங்கி நிற்கலாம். அதே சாதனத்தின் ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பப் படித்தால்தான் எழுதியது போய்ச் சேர்ந்தது என்று உறுதியாகும். பிறகு ஃப்ரீ_ஐஆர்க்யூ. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அது திரும்பாது, உங்களுக்கு வேண்டிய உத்தரவாதம் அதில்தான் இருக்கிறது. ஹேண்ட்லர் தூண்டிவிட்ட நாப்பி வேலை (பாக்கெட்டுகளை மொத்தமாக எடுப்பது), டைமர், வொர்க்க்யூ (பிறகு செய்ய ஒத்திவைத்த வேலை) எல்லாம் நின்றுவிட்டதா, ஒன்றை நிறுத்திய பிறகு இன்னொன்று அதைத் திரும்பக் கிளப்பிவிடுமா என்றும் பாருங்கள். பஃபரை விடுவிப்பது கடைசியில்தான்.

இங்கே ஒரு பொறி. இன்டரப்டை டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ மூலம் பதிவு செய்திருந்தால் அது தானாக விடுபடுவது ரிமூவ் முடிந்த பிறகுதான். பஃபரை ரிமூவுக்குள்ளேயே கையால் கேஃப்ரீ செய்தால், ஹேண்ட்லர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே பஃபர் போய்விடும். உங்கள் கிராஷுக்கு இதுவே காரணமாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், சாதனத்தைத் தயார் செய்யும் ப்ரோப் ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, இன்டரப்ட் லைன் பகிரப்பட்டதாக இருந்தால் உங்கள் சாதனம் வாயே திறக்காவிட்டாலும் பக்கத்துச் சாதனம் மணியடிக்கும், உங்கள் ஹேண்ட்லரும் கூப்பிடப்படும். ப்ரோபிலும் இதே கதை தலைகீழாக: பஃபர் தயாராவதற்கு முன்பே இன்டரப்டைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சரி, அந்த 100 முறை. அப்போது நெட்வொர்க்கில் டிராஃபிக் ஓடியதா? ஓடவில்லை என்றால் ஹேண்ட்லருக்கு வேலையே இருந்திருக்காது. கேஏசான் (தப்பான மெமரித் தொடுதலைப் பிடிக்கும் கருவி) போட்டுக் கெர்னலைக் கட்டுங்கள், ஹேண்ட்லரில் நல் சோதனைக்கும் பஃபரைத் தொடும் வரிக்கும் நடுவே தூங்காமல் தாமதிக்கும் ஒரு எம்டிலே வையுங்கள் (எம்ஸ்லீப் வேண்டாம், அது தூங்கும்), டிராஃபிக்கை முழுவேகத்தில் விட்டுக்கொண்டே மாட்யூலைக் கழற்றுங்கள். இப்போதைய பேட்ச் சீக்கிரமே மாட்டும் என்று எதிர்பார்க்கிறேன். லைன் பகிரப்பட்டது என்றால் கான்ஃபிக்_டீபக்_ஷர்க்யூவையும் போட்டுவிடுங்கள், ஹேண்ட்லரை விடுவிக்கும் நேரத்தில் வேண்டுமென்றே ஒரு போலி இன்டரப்டைக் கொடுத்துப் பார்க்கும்.

அவருக்கு எழுதும்போது "இது தப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள், தாளில் போட்ட அந்த இரண்டு சிபியு வரிசையை அப்படியே ஒட்டுங்கள், வாதம் பாதியிலேயே முடிந்துவிடும். அடுத்த பேட்சின் கமிட் மெசேஜிலும் அதே வரிசை இருக்கட்டும். எந்தக் கமிட்டில் இந்தப் பிழை நுழைந்தது என்று தேடி, அதன் ஐடியில் முதல் 12 எழுத்துகளாவது கொடுத்து ஃபிக்சஸ் வரி போடச் சொல்லுங்கள், பழைய ஸ்டேபிள் கெர்னல்களுக்கு எடுத்துப் போகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். வரிசை சரியானதும் அந்த நல் சோதனையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இருந்தால், நாளை படிப்பவர் பாயின்டர் அங்கே நல் ஆக வரலாம் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் நாலு இடத்தில் அதையே சேர்ப்பார்.