ஆப்பிரிக்க மரபிசையைப் பதிவதும் பயில்வதும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, உலோக நாக்குகளை விரலால் மீட்டும் ம்பிரா வாத்தியத்தின் ஒலிப்பதிவுகளில் ஓர் இரைச்சல் கூடவே வருகிறது. கணினியில் நீக்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீக்காதீர்கள். ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் ம்பிராவின் பலகையிலும், அதைப் பொருத்தி வாசிக்கும் சுரைக்குடுக்கையிலும் புட்டி மூடிகளை, முற்காலத்தில் நத்தை ஓடுகளை, வேண்டுமென்றே கட்டுகிறார்கள். அந்த அதிர்வும் இசையின் பகுதியே. மொசாம்பிக்கின் சோப்பி மக்கள், கோலால் தட்டி வாசிக்கும் திம்பிலா என்ற வாத்தியத்தின் மரக்கட்டைகளுக்கு அடியிலுள்ள குடுக்கைகளில் துளையிட்டு மெல்லிய சவ்வை ஒட்டுவதும் இதற்காகத்தான். இசைத்தட்டின் கீறல் ஒலியை நீக்கலாம். அதையும் மூலப் பதிவைத் தொடாமல் நகலில் செய்யுங்கள்.

கேள்வி: திம்பிலாவின் சுரங்கள் பியானோவோடு ஒத்துப்போகவில்லையே, பழுதான வாத்தியமா?

பதில்: பழுதில்லை. பியானோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரிக்கிறது; சோப்பி வாத்தியமோ ஏறக்குறைய ஏழாகப் பிரிக்கிறது. இதைக் காதளவில் சொல்லி விட்டுவிடாமல், ஆப்பிரிக்க இசையைப் பதிந்து ஆராய்ந்த ஹியூ டிரேசி வினாடிக்கு 212 முதல் 424 அதிர்வுகள் வரை, நான்கு நான்கு அதிர்வுகளாக ஏறும் 54 இசைக்கவைகளை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவைகளை) கொண்டு ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் அளந்தார். அவர் 1954இல் தென்னாப்பிரிக்காவில் நிறுவிய ஆப்பிரிக்க இசைக்கான பன்னாட்டு நூலகம் இன்று ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. பாடலோடு சுருதி அளவையும் குறித்துவைக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: பலர் சேர்ந்து இசைக்கும்போது யார் எதை வாசிக்கிறார் என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இசை ஆய்வாளர் சிம்ஹா அரோம் நல்ல வழி கண்டார். முதலில் குழு முழுவதையும் பதிந்துகொண்டு, பிறகு அந்தப் பதிவை ஒரு கலைஞரின் காதொலிப்பானில் ஒலிக்கவிட்டு, அவருடைய பங்கை மட்டும் தனியே பதிந்தார். அடுத்தவர் முன்னவரின் பங்கைக் கேட்டபடி தம்முடையதைச் சேர்த்தார். எது சரி, எது தவறு என்பதை அந்தக் கலைஞர்களே சொன்னார்கள் என்பதுதான் இம்முறையின் பலம்.

கேள்வி: எல்லாவற்றையும் எண்மப்படுத்திவிட்டால் போதாதா?

பதில்: போதாது. 1950இல் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் டிரேசி பதிந்த பாடல்களைப் பல்லாண்டுகளுக்குப் பின் அவர்களுடைய ஊருக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒவ்வொரு காப்பகத்துக்கும் இது கடமை என்றே நான் கருதுகிறேன். ஆனால் பதிவுகள் திரும்பிவந்தாலும் வாத்தியம் செய்ய மரம் வேண்டுமே. யுனெஸ்கோ 2005இல் சிறப்பித்த திம்பிலாவுக்குரிய ம்வெஞ்சே மரம் காடழிப்பால் அரிதாகிவிட்டது. ஆகவே திம்பிலாவைக் காக்க நிதி ஒதுக்குவோர் ஒலிப்பதிவுக் கருவிகளுக்குக் கொடுக்கும் அதே அக்கறையோடு மரக்கன்றுகளுக்கும், இளைஞருக்குக் கற்றுத்தரும் மூத்த கலைஞர்களின் ஊதியத்துக்கும் கொடுக்க வேண்டும்.